இ.சி.ஜி., இ.இ.ஜி. டெக்னீஷியன் வேலைக்குப் படிக்கலாமா?

கேள்வி இதுதான்: பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ். அளவுக்கு வரவில்லை. இதயத்தின் மின்னலையைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. அல்லது மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. டெக்னீஷியன் ஆகலாம் என்று ஒரு யோசனை. ஆனால் தாய்மாமா, "அது பட்டன் அமுக்குற வேலைடா, அதுக்கு எதுக்கு நாலு வருஷம்?" என்கிறார். படிக்கலாமா, எங்கே படிப்பது, இதயமா மூளையா, சம்பளம் எப்படி?

தம்பி, உங்கள் மாமாவிலிருந்தே தொடங்குகிறேன். பட்டன் அமுக்குவது உண்மைதான். இருபது வருடத்துக்கு மேலாக அமுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள்.

எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு இ.இ.ஜி. எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை தூங்கினால்தான் பதிவு ஒழுங்காக வரும். பாட்டி தோளில் சாய்த்து முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரே சீரான அலை கிளம்பியது. பார்த்தால் வலிப்பு அலை போலவே இருந்தது. "கையை ஒரு நிமிஷம் எடுங்கம்மா" என்றேன். அலை நின்றுவிட்டது. மறுபடி தட்டச் சொன்னேன், வந்துவிட்டது. பதிவில் அந்த இடத்திலேயே "பாட்டி முதுகில் தட்டுகிறார்" என்று குறித்து வைத்தேன். மாலையில் நரம்பியல் மருத்துவர் கம்ப்யூட்டரில் அதைப் படிக்கும்போது பாட்டியும் இருக்கமாட்டார், குழந்தையும் இருக்காது, அலை மட்டும்தான் இருக்கும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் குழந்தைக்குத் தேவையில்லாத மாத்திரை எழுதப்பட்டிருக்கலாம்.

அலையைப் படிப்பது மருத்துவர். அலை வந்த நேரத்தில் அறைக்குள் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நாம்தான். இந்த வேலையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. மெஷினுக்குப் பாட்டி தெரியாது.

சரி, இதயமா மூளையா என்பதற்கு வருகிறேன். இரண்டுமே உடம்பில் தானாக உண்டாகும் மின்சாரத்தைத் தோலின் மேலிருந்து பிடிக்கும் வேலை. ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதயத்தின் துடிப்பு மார்பில் சுமார் 1 மில்லிவோல்ட் காட்டும். மூளையின் அலை மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான், அதாவது அதில் நூறில் சில பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் மூளையைப் பதிவு செய்யும்போது இதயமே நமக்கு இரைச்சல். குட்டைக் கழுத்து, பருமனான உடம்பு என்றால் இ.இ.ஜி.யில் இதயத் துடிப்பு வரிசையாக முள்முள்ளாகக் குதிக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். இதயத்துக்கென்று ஒரு பதிவைத் தனியாகப் போட்டு, கீழே ஒரு வரியில் ஓடவிட்டு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த வித்தியாசம் மெஷின்களின் வரலாற்றிலும் தெரிகிறது. நெதர்லாந்தில் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த இ.சி.ஜி. கருவி சுமார் 270 கிலோ எடை. நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் வாளிகளுக்குள் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1924இல்தான் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார். ஆனால் தான் பார்த்தது நிஜமாகவே மூளையின் அலைதானா என்ற சந்தேகம் தீராமல், 1929இல்தான் அதை வெளியிட்டார். ஐந்து வருடம்! அந்தச் சந்தேகம் இன்றும் எங்கள் இ.இ.ஜி. அறையில் தினமும் உட்கார்ந்திருக்கிறது.

நான் முதலில் இ.சி.ஜி.யில்தான் சேர்ந்தேன். உடம்பில் ஒட்டும் பத்து எலெக்ட்ரோடு, அவற்றை வைத்து இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் பன்னிரண்டு லீட், காகிதம் ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை தப்பு நடக்கலாம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். சேர்ந்த மூன்றாவது வாரம், இரவு டியூட்டி. நெஞ்சுவலி என்று வந்த ஒரு பெரியவருக்கு அவசரத்தில் வலது கை ஒயரையும் இடது கை ஒயரையும் மாற்றிக் குத்திவிட்டேன். முதல் லீடில் எல்லாம் தலைகீழ். வழக்கமாகக் கீழ்நோக்கி இருக்கும் ஏவிஆர் என்ற லீட் மேல்நோக்கி நிற்கிறது. டியூட்டி டாக்டரும் புதுசு. இதயம் வலப்பக்கம் இருக்கும் ஆளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இதய மருத்துவரை எழுப்பிவிட்டார். அவர் வந்து காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கையை மாத்திட்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான். இதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருந்தால் மார்பு லீடுகளில் வி1இலிருந்து வி6 வரை அலை சிறுத்துக்கொண்டே போக வேண்டும். அதில் ஒழுங்காக வளர்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. அன்றைக்கு நான் வெட்கப்பட்டது போதாது. அந்தப் பெரியவருக்குச் சிகிச்சை தொடங்க எத்தனை நிமிடம் தாமதமானது என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை.

இன்னொரு தப்பு, இதைவிடப் பரவலானது, யாரும் கண்டுகொள்ளாதது. மார்பு எலெக்ட்ரோடுகளில் வி1, வி2 இரண்டையும் நான்காவது விலா இடைவெளியில் ஒட்ட வேண்டும். விலா எலும்பை விரலால் எண்ணாமல் கண்மதிப்பில் ஒட்டுகிறவர்கள் ஒன்று இரண்டு இடைவெளி மேலே ஏற்றி ஒட்டிவிடுவார்கள். அப்படி எடுத்தால் பழைய மாரடைப்பு இருப்பது போன்ற தோற்றம் வரலாம். நன்றாக இருக்கும் மனிதர் எக்கோ, டிரெட்மில் என்று அலைவார். பெண் நோயாளிகளிடம் இந்தப் பிழை அதிகம். எடுக்கிறவருக்கும் கூச்சம், படுத்திருப்பவருக்கும் கூச்சம். நீங்கள் ஆண் என்பதால் சொல்கிறேன்: பெண்களுக்கு எடுக்கும்போது உடன் ஒரு நர்ஸோ பெண் உதவியாளரோ இருக்கச் சொல்லுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் வாயால் சொல்லுங்கள், வேலை முடிந்த உடனே மூடிவிடுங்கள். இதைப் பல இடங்களில் பாடமாகச் சொல்லித்தருவதில்லை.

இ.இ.ஜி. வேறு உலகம். அங்கே அவசரம் உதவாது. மூக்குத்தண்டின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப்பால் அளந்து, அந்த அளவைப் பத்து, இருபது சதவீதங்களாகப் பிரித்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து எலெக்ட்ரோடு ஒட்ட வேண்டும். இந்த அளவு முறைக்கு 'டென்-ட்வென்டி சிஸ்டம்' (10-20) என்று பெயர். எலெக்ட்ரோடு தோலில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று மெஷினே காட்டும். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை தேய்க்க வேண்டியதுதான். பதிவு குறைந்தது 20 நிமிடம். தயாரிப்போடு சேர்த்தால் ஒருவருக்கு ஒரு மணி நேரம்.

நம் ஊரில் இதற்குப் பெரிய எதிரி தேங்காய் எண்ணெய். முதல் நாளே தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னால், "ஆஸ்பத்திரிக்குப் போறப்போ தலை காஞ்சு போகக்கூடாது" என்று அம்மா ஒரு கை எண்ணெய் தடவி, பின்னல் போட்டு, மல்லிகைப்பூவும் வைத்து அனுப்புவார். எலெக்ட்ரோடு வழுக்கிக்கொண்டே இருக்கும். பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த குழந்தை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். சந்தனத்தைக் கழுவினால் போதும்.

இரண்டாவது எதிரி பயம். "கரண்ட் வைக்கப் போறீங்களா?" என்று கேட்காத நோயாளியை நான் பார்த்ததில்லை. மனநல சிகிச்சையில் கொடுக்கும் மின் அதிர்ச்சியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் தலையிலிருந்து வருவதைத்தான் எழுதிக்கொள்கிறோம், மெஷினிலிருந்து உள்ளே எதுவும் போகாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். நிதானமாகச் சொன்னால் அவர் கண்ணை மூடி அமைதியாகிவிடுவார். அப்போது பின்தலையில் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை விரியும். எத்தனை ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் அது அழகு. கண்ணைத் திறந்தால் மறைந்துவிடும்.

பதிவின் நடுவில் 3 நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வோம், கண்ணுக்கு நேரே விளக்கை மின்னவைப்போம். மறைந்திருக்கும் வலிப்பு அலையை வெளியே கொண்டுவரத்தான். சமீபத்தில் பக்கவாதம் வந்தவர், இதய நோயாளி, ஆஸ்துமா உள்ளவர் ஆகியோரை மூச்சு வாங்கச் சொல்லக்கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. சில சமயம் வலிப்பு நம் கண்முன்னேயே வந்துவிடும். உறவினர் இரும்புச் சாவியைத் தேடி ஓடுவார். நீங்கள் ஓடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மருத்துவரை அழைத்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, "பேர் என்ன? கையைத் தூக்குங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வந்ததா, எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று நீங்கள் எழுதும் நான்கு வரி, வலிப்பு மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மருத்துவர் கண்டுபிடிக்க அலை அளவுக்கே உதவும்.

ஆகவே, சுறுசுறுப்பு, கூட்டம், ஓட்டம் பிடிக்கும் என்றால் இதயம். ஒரே ஆளோடு ஒரு மணி நேரம் இருக்கப் பொறுமை உண்டு, சின்னச் சின்ன விஷயத்தைக் கவனிக்கிற ஆள் என்றால் மூளை. வேலைவாய்ப்பு என்று பார்த்தால் இதயம்தான் பெரிய கடல். இ.சி.ஜி. இல்லாத மருத்துவமனையே இல்லை; டிரெட்மில், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர், எக்கோ, இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் கேத் லேப், பேஸ்மேக்கர் என்று மேலே மேலே படிகள் உண்டு. கேத் லேபில் கதிர்வீச்சு இருக்கிறது. காரீய ஏப்ரனைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்பது முதுகைப் பதம் பார்க்கும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். மூளைப் பக்கம் இடங்கள் குறைவு, பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான். ஆனால் ஆளும் குறைவு. நரம்புக் கடத்தல் சோதனை (இதில் மட்டும் நிஜமாகவே சின்னச் சின்ன ஷாக் உண்டு), தூக்கச் சோதனை, நாள் கணக்கில் எடுக்கும் வீடியோ இ.இ.ஜி., முதுகுத்தண்டு அறுவை நடக்கும்போதே நரம்புகளைக் கண்காணிப்பது என்று விரிந்துகொண்டே போகிறது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் இப்போது நல்ல கிராக்கி.

படிப்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் இரண்டு வழி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வருட சான்றிதழ் படிப்புகள் நடந்துவருகின்றன: இ.சி.ஜி. மற்றும் டிரெட்மில் டெக்னீஷியன், கேத் லேப் டெக்னீஷியன், இ.இ.ஜி. மற்றும் இ.எம்.ஜி. (தசையின் மின்னலைப் பதிவு) டெக்னீஷியன் என்று. நான் வந்தது அந்த வழி. அடுத்தது, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. கார்டியாக் டெக்னாலஜி, பி.எஸ்ஸி. நியூரோ எலெக்ட்ரோ ஃபிசியாலஜி. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. மாநிலத் தேர்வுக்குழு மூலம் பிளஸ் டூ மதிப்பெண் வைத்து இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. புதுச்சேரி ஜிப்மரில் இதயத்துக்கும் நரம்புக்கும் தனித்தனி பி.எஸ்ஸி. உண்டு, அங்கே நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள். அதனால் அந்த மதிப்பெண் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெங்களூரு நிமான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இரண்டும் நரம்பியல் டெக்னீஷியன்களை உருவாக்குவதில் பழுத்த இடங்கள். கிடைத்தால் யோசிக்காமல் போங்கள்.

ஒரு வருடமா நாலு வருடமா என்று என்னைக் கேட்டால், இன்றைக்கு நாலு வருடம் என்பேன். என் காலத்தில் ஒரு வருடம் போதும். 2021இல் மத்திய அரசு துணை மருத்துவத் துறைக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் இ.சி.ஜி., இ.இ.ஜி. டெக்னாலஜிஸ்ட் எல்லாம் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறார்கள். துணை மருத்துவத் தொழில் செய்கிறவர் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருடத்தில் படித்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. பதிவேடு, உரிமம் என்று இது முழுதாக நடைமுறைக்கு வர வர, குறுகிய படிப்பு முடித்தவர்களுக்குக் கதவு சிறுத்துக்கொண்டே போகும். பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் "ஆறு மாதத்தில் இ.சி.ஜி. டெக்னீஷியன், 100 சதவீத வேலை" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பல்கலைக்கழகச் சான்றிதழ் என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

சம்பளம். இதில் இனிப்பாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்துபோன பிள்ளைகள் சிறிய ஊர் தனியார் மருத்துவமனைகளில் 12,000, 15,000 என்றுதான் தொடங்கினார்கள். ஷிப்ட் உண்டு, இரவு டியூட்டி உண்டு, "இ.சி.ஜி. இல்லாத நேரத்துல ரிசப்ஷன் பாரு" என்பதும் உண்டு. மூன்று நான்கு வருடத்தில் எக்கோ உதவி, கேத் லேப், நரம்புக் கடத்தல் என்று கையில் ஒன்று கூடுதலாக ஏறியவர்களுக்கு நல்ல மாற்றம் வந்தது. அதே இ.சி.ஜி. மெஷினோடு நின்றவர்கள் அங்கேயேதான் நிற்கிறார்கள். அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., ஆள் எடுக்கும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வரும்போது மனுப் போடச் சான்றிதழ்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போக நினைத்தால் பட்டம், அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு என்று வரிசையாகக் கேட்பார்கள். நாலு வருடப் படிப்பு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனசு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைகளில் ஒருவர் இறந்துவிட்டால், கடைசியாக ஒரு இ.சி.ஜி. எடுத்துக் கோப்பில் வைப்பது வழக்கம். அதை எடுக்கப் போவது நாம்தான். கட்டிலைச் சுற்றி நிற்கும் குடும்பம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், ஏதாவது ஒரு மேடு தெரியாதா என்று. நேர்கோடு ஓடும். நாம் எதுவும் சொல்லக்கூடாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் தடவை எடுத்துவிட்டு லிஃப்டில் அழுதேன். பிறகு பழகியது என்று சொல்லலாம். அழுவது நின்றது என்று சொல்வதுதான் சரி.

நல்ல நாளிலும் இந்த வாய்க்கட்டுப்பாடு வேண்டும். "நல்லா இருக்காம்மா?" என்று எல்லோரும் கேட்பார்கள். "டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஆனால் மாரடைப்பின் அடையாளம் காகிதத்தில் கண்ணில் பட்டால் ஃபைலில் செருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடக்கூடாது. மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் காகிதத்தோடு மருத்துவரிடம் ஓட வேண்டும். சிறு ஊர் மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.யைப் பெரிய மருத்துவமனைக்குப் போனில் அனுப்பி, அங்கிருக்கும் இதய மருத்துவர் சொல்வதை வைத்துச் சிகிச்சை தொடங்குகிற முறை இப்போது பரவியிருக்கிறது. அவர் பார்ப்பது நீங்கள் ஒட்டிய பத்து எலெக்ட்ரோடை மட்டும்தான்.

கல்லூரி தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான்: அங்கே உங்கள் கைக்கு எத்தனை நோயாளி கிடைப்பார்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பெரிய அரசு மருத்துவமனையில் ஒரே காலையில் பார்க்கும் அளவு இ.சி.ஜி.யை, ஏசி போட்ட சில தனியார் கல்லூரிகளில் ஒரு மாதத்திலும் பார்க்க முடியாது. சேர்வதற்கு முன் நேரில் போங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாம் வருட மாணவர் யாரையாவது கேன்டீனில் பிடித்து, "நேத்து எத்தனை பேருக்கு எடுத்தீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் இ.இ.ஜி. அறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்கள் தேட ஆரம்பித்தால், டீ குடித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.